வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுக் கட்டுரையில் படத்தைக் கைகாட்டுவது எப்படி?

என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் ‘ஃபிகர் 3 ஷோஸ்’, ‘ஃபிகர் 4 ஷோஸ்’ என்று பதினோரு வாக்கியங்கள் தொடங்குகின்றன. வழிகாட்டி அத்தனையையும் அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் என்ன இலக்கணப் பிழை?
— வேதியியல் முனைவர் பட்ட மாணவி, காரைக்குடி

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வாக்கியத்தில் சேதி இல்லை, அதுதான் குறை.

‘ஃபிகர் 3 ஷோஸ் தி எஃபெக்ட் ஆஃப் டெம்பரேச்சர் ஆன் யீல்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். இதைப் படித்தவருக்கு என்ன கிடைத்தது? வெப்பநிலை ஏற ஏற விளைபொருள் கூடியதா, குறைந்ததா, உச்சம் எங்கே? எதுவும் தெரியாது. படத்துக்கு அடியில் உள்ள தலைப்பு வரியும் இதையேதான் சொல்கிறது. ஒரே வரியை இரண்டு இடத்தில் அச்சடித்த கணக்கு.

உங்கள் வரைபடத்தில் 40 டிகிரியில் 42 சதவீதம், 60 டிகிரியில் 78 சதவீதம், அதற்கு மேல் சரிவு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இப்படி எழுதுங்கள்: ‘தி யீல்ட் ரோஸ் ஃப்ரம் 42% அட் 40 டிகிரீஸ் டு 78% அட் 60 டிகிரீஸ், அண்ட் ஃபெல் அபவ் தட் (ஃபிகர் 3).’ இப்போது எழுவாய் உங்கள் கண்டுபிடிப்பு. படம் சாட்சி. சாட்சியின் பெயரை அடைப்புக்குறிக்குள் சொன்னால் போதும். முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்கு வெளியே வரும்.

அடைப்புக்குறி எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். ஒரு வாக்கியத்தில் இரண்டு முடிவுகள் சொல்லி, ‘ஃபிகர்ஸ் 3 அண்ட் 4’ என்று கடைசியில் சேர்த்துக் கட்டிவிட்டால், எந்த முடிவுக்கு எந்தப் படம் என்று மதிப்பீட்டாளர் தேட வேண்டியிருக்கும். அந்தந்த முடிவின் வாலிலேயே அந்தந்தப் படத்தை ஒட்டிவிடுங்கள்.

பதினொன்றையுமே மாற்றவேண்டும் என்பதில்லை. படத்தை எப்படிப் படிப்பது என்று விளக்கவேண்டிய இடம் வரும்: எந்த அச்சு எது, புள்ளிக்கோடு எதைக் குறிக்கிறது என்பது போல. அங்கே ‘ஃபிகர் 3 ஷோஸ்’ என்று தொடங்குவதே இயல்பு. இரண்டு மூன்று இடங்களில் அப்படியே இருக்கட்டும். காலத்தை மட்டும் கவனியுங்கள். சோதனையில் நடந்தது இறந்தகாலம், ஆகவே ‘ரோஸ்’. படம் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே ‘ஷோஸ்’. ‘ஃபிகர் 3 ஷோட்’ என்றால் உறுத்தும்.

‘ஷோஸ்’ அலுத்துவிட்டதென்று அகராதியைப் புரட்டி வேறு வினைச்சொல் மாட்டுவது தீர்வாகாது. படம் என்ன வேலை செய்கிறதோ அதற்கேற்ற சொல்லைப் போடுங்கள். அட்டவணை ‘லிஸ்ட்ஸ்’ அல்லது ‘சம்மரைசஸ்’. கருவியின் அமைப்புப் படம் ‘இல்லஸ்ட்ரேட்ஸ்’. இரண்டு தொகுதிகளைப் பக்கம் பக்கமாக வைத்த படம் ‘கம்பேர்ஸ்’. ‘ப்ரூவ்ஸ்’ மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த வரைபடமும் எதையும் நிரூபித்துவிடுவதில்லை.

‘அஸ் இட் இஸ் ஷோன் இன் தி ஃபிகர் 4’, ‘ரெஃபர் ஃபிகர் 5’, ‘தி பிலோ டேபிள்’. இந்த மூன்றையும் வெளிநாட்டு இதழ் ஒன்று திருத்தி அனுப்பியது. காரணம் புரியவில்லை.
— பொறியியல் கல்லூரி விரிவுரையாளர், மதுரை

மூன்று தொடர்களில் நான்கு திருத்தங்கள்.

முதலாவது ‘இட்’. ‘படத்தில் காட்டியுள்ளபடி’ என்று தமிழில் சொல்லும்போது நடுவில் ‘அது’ வருவதில்லை அல்லவா? ஆங்கிலத்திலும் வராது. ‘அஸ் ஷோன் இன்’ அல்லது ‘அஸ் கேன் பி சீன் இன்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘இட்’ புகுந்தால் ‘அஸ்’ என்பதற்கு ‘ஏனென்றால்’ என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘படத்தில் இருப்பதால்’ என்று வாக்கியம் திசைமாறிப் போகும்.

இரண்டாவது ‘தி’. எண் சேர்ந்ததும் அது பெயராகிவிடுகிறது. ‘ரூம் 12’ என்கிறோம், ‘தி ரூம் 12’ என்பதில்லை. ஆகவே ‘இன் ஃபிகர் 4’, அதுவும் பெரிய எழுத்து எஃப் போட்டு. எண் இல்லாமல் ‘தி ஃபிகர்’ என்றால் சின்ன எழுத்து.

மூன்றாவது ‘ரெஃபர்’. நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் ‘ரெஃபர் அனெக்‌ஷர்’ என்று எழுதி எழுதி ஊறிவிட்டது. ஆய்விதழ் ஆங்கிலத்தில் ‘ரெஃபர் டு’ என்றுதான் வரவேண்டும். அதைவிட ‘சீ ஃபிகர் 5’ சுருக்கம், சுத்தம்.

நான்காவது ‘பிலோ’. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரவேண்டிய சொல் இது: ‘தி டேபிள் பிலோ’. ஆனால் அதுவும் ஆபத்து. அச்சுக்கோக்கும்போது அட்டவணை அடுத்த பக்கத்தின் தலைக்குப் போய்விடலாம், அப்போது ‘கீழே’ என்று எதைக் காட்டுவது? எண்ணையே சொல்லுங்கள்.

‘ஆன் ஃபிகர் 4’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். படத்துக்கும் அட்டவணைக்கும் ‘இன்’. அச்சுக்கும் பக்கத்துக்கும் ‘ஆன்’: ‘ஆன் தி எக்ஸ் ஆக்சிஸ்’, ‘ஆன் பேஜ் 12’.

‘ஃபிகர்’ என்று முழுதாக எழுதவா, ‘ஃபிக்.’ என்று சுருக்கவா?
— வாசகர், தஞ்சாவூர்

இதழைப் பொறுத்தது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையில் எங்கும் முழுச்சொல். ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) நடையில் வாக்கியத் தொடக்கத்தில்கூட ‘ஃபிக்.’ தான், அட்டவணைக்கு முழுச்சொல், எண் ரோமன். பல அறிவியல் இதழ்களில் இடையே சுருக்கம், தொடக்கத்தில் முழுச்சொல். அனுப்பப்போகும் இதழின் கடைசி வெளியீட்டில் இரண்டு கட்டுரைகளைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் படத்துக்கு எண்ணே கிடையாது. அடைப்புக்குறிக்குள் ‘சீ டயக்ரம்’ என்று மட்டும் இருக்கும். ஒரே ஒரு படம்தான், குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டாவது படம் வந்தால் எண் வேண்டும்.

ஆய்வேட்டை அச்சிட்டபோது நடுநடுவே ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வந்துவிட்டது. என்ன செய்வது?
— முதுகலை மாணவர், யாழ்ப்பாணம்

வேர்டில் படத்தின் தலைப்பு வரியை அழித்துவிட்டு மறுபடி தட்டியிருப்பீர்கள். குறுக்குச்சுட்டு (பத்தியில் படத்தின் எண்ணைத் தானாகக் காட்டும் இணைப்பு) அந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தலைப்பு போனால் அதுவும் போய்விடும். திரையில் பழைய எண்ணே தெரிந்துகொண்டிருக்கும். அச்சிடும்போது இந்தத் தானியங்கி எண்கள் புதுப்பிக்கப்பட்டால் குட்டு வெளிப்படும்.

தலைப்பைக் கையால் தட்டாமல் ‘ரெஃபரன்சஸ்’ தாவலில் ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகப் போடுங்கள். பத்தியில் எண் வரவேண்டிய இடத்தில் ‘கிராஸ்-ரெஃபரன்ஸ்’ திறந்து, ‘ஒன்லி லேபிள் அண்ட் நம்பர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பு வரி முழுவதும் வாக்கியத்துக்குள் வந்து விழும். படங்களை இடம்மாற்றியபின் கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9 அழுத்தி எண்களைப் புதுப்பியுங்கள். பிடிஎஃப் எடுக்கும்முன் ‘எரர்!’ என்று ஒருமுறை தேடுங்கள். அகப்பட்ட சுட்டை அழித்துப் புதிதாகச் செருகுங்கள்.

லேட்டெக் என்ற கட்டளைவழி அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு வேறு தொல்லை. ‘லேபிள்’ கட்டளை ‘கேப்ஷன்’ கட்டளைக்குப் பின்னால் வரவேண்டும். முன்னால் வந்தால் படத்தின் எண்ணுக்குப் பதில் இயல்பகுதியின் எண் அச்சாகும், எந்த எச்சரிக்கையும் வராது. எண்ணுக்குப் பதில் இரண்டு கேள்விக்குறி தெரிந்தால் இன்னொரு முறை தொகுங்கள் (கம்பைல்). அப்போதும் போகாவிட்டால் லேபிளின் எழுத்துக்கூட்டல் தப்பு.

கடைசியாக வரிசை. பத்தியில் முதன்முதலாகக் குறிப்பிடும் ஒழுங்கில்தான் எண் ஓடவேண்டும். நான்காம் படத்துக்கு முன் ஐந்தாம் படத்தைச் சொல்லியிருந்தால் எண்களை மாற்றுங்கள். எங்குமே குறிப்பிடாத படம் இருந்தால், ஒரு வரி எழுதுங்கள் அல்லது படத்தை எடுத்துவிடுங்கள்.

‘டேட்டா இஸ்’ சரியா, ‘டேட்டா ஆர்’ சரியா?
— வாசகி, சேலம்

ஆய்வுக் கட்டுரையில் ‘டேட்டா ஆர்’, ‘தி டேட்டா ஷோ’. செய்தித்தாள்களில் ஒருமை சகஜம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

‘டேட்டா நாட் ஷோன்’ என்று எழுதியதை மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் கட்டுரையில் எப்படித் திணிப்பது?
— உயிரியல் ஆய்வாளர், கோயம்புத்தூர்

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. காட்டாத தரவை நம்பச் சொல்வது படிப்பவருக்குச் செய்யும் அநீதி. பிளாஸ் என்ற திறந்த அணுக்க அறிவியல் இதழ்கள் 2014 மார்ச் முதல் தரவைத் திறந்து வைக்கச் சொல்கின்றன. இந்தத் தொடரையும் அனுமதிப்பதில்லை.

கட்டுரைக்குள் திணிக்கவேண்டாம். சின்ன அட்டவணை என்றால் துணைக்கோப்பில் வைத்து, ‘சப்ளிமென்டரி டேபிள் எஸ்1’ என்று அந்த முடிவின் அருகிலேயே சுட்டுங்கள். பெரிய கோப்பு என்றால் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் கட்டணம் கிடையாது. ஏற்றியதும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். அதை ‘டேட்டா அவெயிலபிலிட்டி’ பகுதியிலும் மேற்கோள் பட்டியலிலும் போடவேண்டும். கூகுள் டிரைவ் இணைப்பு போதாது: கணக்கு மூடப்பட்டால் இணைப்பும் செத்துவிடும்.

ஜெனோடோ ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ, எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக இன்னொன்று தரும். பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கூட்டிப்போகும். உங்கள் வரைபடம் எந்தப் பதிப்பிலிருந்து வரையப்பட்டதோ, அந்தப் பதிப்பின் எண்ணைக் கொடுங்கள். நோயாளிகளின் விவரம் இருந்தால் ஏற்றும்முன் ஒப்புதல் படிவத்தையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் பாருங்கள். திறந்து வைக்க முடியாதென்றால் யாரிடம், என்ன நிபந்தனையில் பெறலாம் என்பதை அந்தப் பகுதியில் எழுதுங்கள்.