முகூர்த்தம் முடிந்த பிறகு இறங்கிய விமானம்: யார் பொறுப்பு?

கேள்வி: சேலம் சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரித் தோழனின் திருமணம் இந்தோனேசியாவின் பாலியில் நடந்தது. அதை ஒட்டி நண்பர்கள் ஐந்து பேர் ஏழு நாள் சுற்றுலாவுக்கு உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றில் தலைக்கு 72,000 ரூபாய் கட்டினோம். மொத்தப் பணமும் என் கணக்கிலிருந்து போனது. விமான நேரம் மாறியது புறப்படும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாங்கிய வெண்பட்டு வேட்டி பையிலேயே இருக்க, சிங்கப்பூர் விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தோம். கடற்கரை வில்லா என்றார்கள். கிடைத்தது ஊருக்குள் சாதாரண ஓட்டல் அறை. கேட்டால், "நேரத்தை மாற்றியது ஏர்லைன்ஸ். நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் மட்டும்தான். பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது" என்கிறார் ஏஜெண்ட். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கையில் இருப்பது இன்னும் பத்து மாதம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஏஜெண்ட் இழுத்தடித்த நாட்கள் இதில் கழியாது.

நேரத்தை மாற்றியதற்காக ஏஜெண்டைக் குற்றம் சொன்னால் வழக்கு நிற்காது. மாறியது தெரிந்தும் உங்களிடம் சொல்லாமல் இருந்தாரா என்பதுதான் கேள்வி. டிக்கெட் பிரிண்டை எடுத்துப் பாருங்கள். அதில் தொடர்பு எண்ணாக உங்கள் எண் இருக்கிறதா, அவர் எண்ணா? பல டிராவல்ஸ்காரர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் தகவல் அவர் போனுக்குத்தான் போயிருக்கும். எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குத் தகவல் அனுப்பினீர்கள் என்று பிஎன்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். நாலைந்து நாள் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால், வேறு விமானத்துக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்தவர் அவர்தான். அந்த ஒரு பதில் வந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அப்புறம், டிக்கெட் போட்டவன் மட்டும்தான் என்ற பேச்சு. பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடித்திருக்கிறதா? வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் வசூலிக்க வேண்டிய வரி அது. வெறும் விமான டிக்கெட்டுக்குக் கிடையாது. உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருந்தால், பேக்கேஜ் விற்றதை அவரே வரித்துறையிடம் ஒப்புக்கொண்டார் என்று வாதிடலாம். (அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கலாம், விட்டுவிடாதீர்கள்.)

ரசீதில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். நீங்களாக மனம் மாறி ரத்து செய்திருந்தால் அது பேசும். சொன்ன வில்லாவைத் தராததற்கு அது கேடயம் ஆகாது.

பணம் உங்களிடமிருந்து போனாலும், உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெற்ற நண்பர்களும் நுகர்வோர்தான். ஐந்து பேரும் ஒரே புகாரில் சேரலாம். பிரிகேட் எண்டர்பிரைசஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

எவ்வளவு கேட்பது? 3,60,000 ரூபாயும் முழுதாக வராது. மீதி நாட்கள் அங்கே தங்கிச் சுற்றியிருக்கிறீர்கள். வில்லாவுக்கும் அறைக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தைக் கணக்கோடு கேளுங்கள். திருமணத்தைத் தவறவிட்ட மன வேதனைக்குத் தனியாகக் கேளுங்கள். கெட்டுப்போன விடுமுறையின் ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்று இங்கிலாந்தின் ஜார்விஸ் வழக்கில் தீர்ப்பானது. 63 பவுண்டுச் சொச்சம் கட்டிய பயணத்துக்கு அங்கே 125 பவுண்டு கிடைத்தது. நம் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். பத்து லட்சம், இருபது லட்சம் என்று எழுதினால் உங்கள் நியாயமான வேதனையும் அந்தத் தொகையில் அடிபட்டுப் போகும்.

இந்தப் பயணமே ஒரு கல்யாணத்துக்காக என்பது ஏஜெண்டுக்கு முன்பே தெரியும் என்று காட்டினால் மன வேதனைக் கோரிக்கை வலுவாகும். முன்பதிவின்போது திருமண அழைப்பிதழை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால், அவர் அனுப்பிய வில்லா படங்களோடு சேர்த்து, தேதியும் நேரமும் தெரியும்படி அந்தப் பக்கங்களை இன்றைக்கே பிரிண்ட் எடுங்கள். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி, அவை எந்தப் போனிலிருந்து எப்படி எடுக்கப்பட்டவை என்று சொல்லும் சான்றிதழை இணைக்க வேண்டியிருக்கும். அதுவரை அந்தப் போனை மாற்ற வேண்டாம்.