யூடியூப் செய்திச் சேனல்களில் பெண் வேட்பாளர்: எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது?

மேலூர் மாணவி: மேடம், யூடியூப் செய்திச் சேனல்கள் பெண் வேட்பாளர்களை எப்படி நடத்துகின்றன என்று ஆய்வு செய்கிறோம். பெண் வேட்பாளர்கள் வரும் வீடியோக்களை மட்டும் எடுத்தால் போதுமா?

போதாதும்மா. அதே தொகுதி, அதே வாரம், அதே சேனலில் ஆண் வேட்பாளர்கள் வந்ததும் வேண்டும். "வீட்டை யார் பாத்துக்கிறா?" என்று பெண்களிடம் எத்தனை முறை கேட்டார்கள் என்பது பாதிக் கணக்குதான்; ஆண்களிடம் கேட்டதையும் எண்ணினால்தான் அது சான்றாகும். களத்தில் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதி வையுங்கள். 20 வேட்பாளர்களில் 2 பெண்கள் நிற்கும் தொகுதியில் பத்தில் ஒரு வீடியோ அவர்களுக்குக் கிடைத்தால், சேனல் பெண்களைப் புறக்கணித்தது என்று எழுத முடியாது. பெண்களைக் குறைவாக நிறுத்தியவை கட்சிகள்.

திருமங்கலம் வாசகர்: மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஒப்பிட ஆண் வேட்பாளர் இருக்க மாட்டார். பக்கத்துப் பொது வார்டையும் சேருங்கள். வேட்பாளர், கணவர், கட்சிக்காரர் என யார் எத்தனை நொடி பேசினார்கள் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

உசிலம்பட்டி ஆசிரியர்: நெறியாளர் "அந்தம்மா சொல்லுச்சு" என்கிறார். அவமதிப்பு என்று குறிக்கலாமா?

உடனே குறிக்காதீர்கள் சார். நம் பக்கம் பெற்ற தாயைப் பற்றியே "அம்மா சொல்லுச்சு" என்றுதான் பேசுகிறோம். எழுத்துத் தமிழ் இலக்கணத்தை வைத்து அளந்தால் மதுரைப் பேச்சு முழுவதும் குற்றமாகிவிடும். அட்டவணையில் வினைமுற்றுக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள்: சொன்னாரு, சொன்னாங்க, சொல்லுச்சு, சொன்னா. அழைக்கும் முறைக்கு இன்னொரு நெடுவரிசை: வெறும் பெயர், பெயரோடு பொறுப்பு, அக்கா போன்ற உறவுச்சொல், "இன்னார் மனைவி". பிறகு அதே நெறியாளர் அதே பொறுப்பில் உள்ள ஆணை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். மாவட்டச் செயலாளர் ஆணென்றால் "சொன்னாரு", பெண்ணென்றால் "சொல்லுச்சு" என்று தொடர்ந்து வந்தால் அந்த வேறுபாடுதான் உங்கள் கண்டுபிடிப்பு. "அக்கா"வை இறக்கமாகவும் எண்ண வேண்டாம், ஏற்றமாகவும் எண்ண வேண்டாம். சொன்னவர் தொண்டரா, நெறியாளரா என்று மட்டும் குறியுங்கள்.

மதுரை வாசகி: தம்ப்நெயிலையும் (வீடியோவின் முகப்புப் படம்) கணக்கில் எடுக்க வேண்டுமா?

கட்டாயம், அதுவும் தனியாக. சாக்கடைப் பிரச்சினை பற்றி 40 நிமிடம் பேசிய பேட்டியிலிருந்து அவர் கண்கலங்கிய 40 நொடியை வெட்டி ஷார்ட்ஸாகப் போட்டால், ஊர் முழுக்கச் சுற்றுவது அந்த 40 நொடிதான். தலைப்பு, தம்ப்நெயில், முழுப் பேட்டி, ஷார்ட்ஸ் நான்கையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டால் இது மறைந்துவிடும். வெளியான பிறகும் தலைப்பையும் படத்தையும் மாற்ற முடியும் என்பதால், முதல் நாளும் ஏழாம் நாளும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தம்ப்நெயிலில் மேற்கோளாகப் போட்டதை அவர் உண்மையில் சொன்னாரா, எந்த நிமிடத்தில் என்றும் சரிபாருங்கள்.

மேலூர் மாணவி: ஒரே வீடியோக்களை இருவர் தனித்தனியாகக் குறித்தோம், 90 விழுக்காடு ஒத்துப்போகிறது. ஆய்வு வழிகாட்டி ஏற்கவில்லை, ஏன்?

அவர் சொல்வது சரி. அரிதாக வரும் விஷயத்தில் இந்த எண் ஏமாற்றும். அந்த விஷயம் வரவில்லை என்று இருவருமே 100-ல் 90 வீடியோவுக்கு "இல்லை" போட்டிருந்தால், தற்செயலாகவே 82 விழுக்காடு ஒத்துப்போகும் (0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82). தற்செயலைக் கழித்துவிட்டு ஒத்துப்போவதை அளக்கும் எண் கப்பா: (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. இது குறைவு, 0.8-ஐ ஒட்டி வர வேண்டும். எங்கே முரண்பட்டீர்கள் என்று பார்த்து விதியை உதாரணத்தோடு திருத்துங்கள். ஆய்வில் சேராத 20 வீடியோவில் பழகிவிட்டு, புதிதாக எடுத்த மாதிரியில் மறுபடி சோதியுங்கள். ஏற்கெனவே குறித்தவற்றையும் புது விதிப்படி திரும்பக் குறிக்க வேண்டும். அப்படியே சேர்த்தால் ஒரே அட்டவணையில் இரண்டு அளவுகோல் கலந்துவிடும்.