பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் வருத்தம் போகவில்லையே, ஏன்?

அப்பாவோடு சண்டை, பேசாமலேயே அவர் இறந்துபோய்விட்டார், பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தும் மனம் ஆறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மன்னிப்பு வேறு, வருத்தம் வேறு. குருவானவர் பாவமன்னிப்பு கொடுத்ததும் பாவம் தீர்ந்தது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அதோடு நினைவும் அழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

இயேசுவின் சீடர் பேதுருவைப் பாருங்கள். இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பில் குளிர்காய்ந்த அந்த முற்றத்தில், அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில்தான் (யோவான் 18, 21). ஆனால் 'ஏன் அப்படிச் செய்தாய்' என்று அவர் கேட்கவில்லை. 'என்மேல் அன்பு உண்டா' என்று மூன்று முறை கேட்டார், கையோடு ஆடுகளை மேய்க்கும் வேலையையும் கொடுத்தார். மூன்றாவது முறை கேட்டபோது பேதுரு மனம் வருந்தினார் என்றும் எழுதியிருக்கிறது. ஆறுகிற புண்ணும் வலிக்கும்.

நான் புதுச்சேரிக்காரன். என் அம்மா விஷயத்தில் எனக்கும் இதே கதைதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் வாய்விட்டே சொல்லிவிடுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சரி, பார்க்கட்டும்.

அப்புறம், புதுச்சேரிப் பேராலயமான சம்பா கோவிலிலோ உங்கள் பங்குக் கோவிலிலோ அப்பா பெயருக்கு ஒரு பூசை (திருப்பலி) வையுங்கள். அன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்து யாருக்காவது கொடுங்கள்.