இலியோஸ்டமிப் பை ஒரு நாள்கூட நிற்காவிட்டால்: கழற்றிய தட்டைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. குடலில் சத்திரசிகிச்சை செய்து, வயிற்றின் வலப்பக்கத்தில் இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்துவிடும் வாய்) வைத்து ஐந்து கிழமை ஆகிறது. பை ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை. ஓரத்தால் ஒழுகுகிறது. சுற்றிவரப் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தோம். தோல் வெந்ததுபோலச் சிவந்து எரிகிறது என்கிறார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினோம். கிளினிக்குக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?
மாங்குளத்திலிருந்து ஒரு மகள்

பதில்: முதலில் அந்தப் பிளாஸ்டரை எடுத்துவிடுங்கள். சிறுகுடலிலிருந்து வரும் நீரில் உணவைச் செரிக்கவைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. வெளியே போக வழியில்லாமல் அடைத்துவிட்டால் அவை தோலையே அரிக்கும். அப்பா சொல்லும் எரிவு அதுதான். பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் தட்டின் அடியில் எரிவோ ஈரமோ தெரிந்தால், இரவு எத்தனை மணியானாலும் கழற்றிக் கழுவிப் புதிது ஒட்டவேண்டும். எண்ணெய் பூசிய தோலில் எந்தப் பசையும் பிடிக்காது. மஞ்சள் பூசினால் தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்க்கவே முடியாது. இரண்டையும் நிறுத்துங்கள். ஸ்பிரிட், டெற்றோல், முகத்துக்குப் போடும் பவுடர் எதுவும் வேண்டாம்.

ஒழுகுவதற்குக் காரணம் என்னவென்று கழற்றிய தட்டே சொல்லும். கழற்றுமுன் அதன் மேல் விளிம்பில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். திருப்பிப் பார்க்கும்போது இடம் வலம் மாறிவிடும் என்பதால் இந்தக் கோடு முக்கியம். ஒட்டும் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தட்டில் வெட்டிய துவாரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பசை ஊதி வெள்ளையாகக் கரைந்திருந்தால், துவாரம் பெரிது, அல்லது தட்டை அதிக நாள் வைத்திருக்கிறீர்கள். ஒரு திசையில் மட்டும் வாய்க்கால் வெட்டியதுபோல ஓடியிருந்தால், அந்தப் பக்கத்துத் தோலில் மடிப்போ குழியோ இருக்கிறது. பசை கரையாமலே தட்டு முழுதாகக் கழன்றிருந்தால், வியர்வை, எண்ணெய், மயிர் மூன்றில் ஒன்று.

ஐந்தாம் கிழமையில் பெரும்பாலும் துவாரம்தான் பிழைக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஸ்டோமா, அதாவது வெளியே தெரியும் குடல்வாய், வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் சுருங்கும். வார்டில் வெட்டிக் கொடுத்த அளவையே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால், சுற்றிவர ஒரு வளையம் தோல் மூடப்படாமல் மலநீரில் நனைந்துகொண்டே இருக்கும். பெட்டியோடு வரும் அளவு அட்டையால் கிழமைக்கு ஒருமுறை அளவெடுங்கள். ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். ஸ்டோமா 28 மில்லிமீற்றர் என்றால் துவாரம் 30 அல்லது 31. நீள்வட்டமாக இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே எடுக்கவேண்டும். வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழுப்புங்கள். இறுக்கமாக வெட்டுவதும் கூடாது. விளிம்பு உரசி ஸ்டோமா புண்படும்.

அடுத்தது மடிப்பு. வார்டில் படுக்கவைத்துப் பார்த்த வயிறும் வீட்டில் குந்தி இருக்கும்போது உள்ள வயிறும் ஒன்றல்ல. அப்பாவை நிற்கச் சொல்லி, கதிரையில் இருத்தி, முன்னுக்குக் குனியவைத்து, மூன்று நிலையிலும் ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். பள்ளம் விழும் இடத்தை ஸ்டோமா வளையத்தின் (தட்டின் அடியில் வைக்கும் மென்மையான ஒட்டு வளையம்) ஒரு துண்டால் நிரப்பிவிட்டு, அதன் மேல் தட்டை ஒட்டுங்கள். குழாயில் வரும் பேஸ்ட்டும் உதவும். ஆனால் பலவற்றில் மதுசாரம் இருப்பதால் புண்பட்ட தோலில் நெருப்பாக எரியும். இப்போதைக்கு வளையமே நல்லது. ஸ்டோமா தோல் மட்டத்தில் இருந்தாலோ, இருக்கும்போது உள்ளே இழுபட்டாலோ சாதாரணத் தட்டு நிற்காது. உட்குவிந்த தோலை அழுத்திப் பிடிக்கும் குவிவுத் தட்டும் இடுப்புப் பட்டியும் தேவைப்படும். அதைத் தாதி நேரில் பார்த்துத்தான் தெரிவுசெய்யவேண்டும்.

இங்கே இரண்டு விடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, சாரம். முடிச்சும் சுருட்டும் தட்டின் மேல் விழுந்தால், ஒவ்வொரு குனிவுக்கும் விளிம்பு கிளம்பும். பையில் நீர் கீழே இறங்காமல் ஸ்டோமாவைச் சுற்றித் தேங்கும். ஸ்டோமாவுக்கு மேலேயோ நன்றாகக் கீழேயோ கட்டட்டும். மற்றது, குந்தும் மலசலகூடம். பையை வெறுமையாக்க அப்பா அதில் குந்தினால், ஒரு நாளில் ஆறேழு முறை தட்டு மடிபடும். கதிரையில் இருந்துகொண்டு ஒரு பேசினுக்குள் வெறுமையாக்கி, அதைக் கொண்டுபோய் ஊற்றலாம். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே வெறுமையாக்குங்கள். பாதிக்கு மேல் போனால் பாரம் தட்டை இழுக்கும்.

மாற்றுவதற்கு நல்ல நேரம் விடியப்புறம், தேநீர் குடிக்குமுன். அப்போது ஸ்டோமா அமைதியாக இருக்கும். பழைய தட்டை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, ஈரத் துணியால் மெல்ல மெல்லக் கழற்றுங்கள். சுத்தமான தண்ணீர் போதும். கொதிக்கவைக்கவேண்டும் என்றில்லை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம். அதில் சவர்க்காரம் போட்டால் படலமாகத் தோலில் தங்கிப் பசையைப் பிடிக்கவிடாது. அதனால் சவர்க்காரத்தைத் தவிர்த்துவிடுங்கள். துடைக்கும்போது ஸ்டோமாவில் சொட்டு இரத்தம் கசிவது வழமை. அதில் நோவும் தெரியாது. மயிர் இருந்தால் சிறு கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டலாம், தோல் புண்ணாக இருக்கும்போது றேசர் வேண்டாம்.

பிறகு தோல் முழுதாகக் காயவேண்டும். விசிறியடியில் இருத்துங்கள். நனைந்து புண்பட்ட இடத்தில் ஸ்டோமா பவுடரை மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஈரமான விரலாலோ தோற்காப்புத் துடைப்பானாலோ ஒற்றி, காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று படை. அந்தப் பொருக்கின் மேல் தட்டு ஒட்டும், அடியில் தோல் ஆறும். பவுடரை அப்பிவிட்டால் ஒன்றும் ஒட்டாது. தட்டை ஒட்டுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு நிமிடம் சூடாக்கி, ஒட்டியபின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் குனியவேண்டாம். இப்படி ஒட்டிய தட்டு மூன்று நாள் நிற்கவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற நேர்ந்தால் அது குறையல்ல. கழற்றிய தட்டை மீண்டும் ஒட்டாதீர்கள், பைக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்றாலும். இரண்டு துண்டாக வரும் வகையில் தட்டு வயிற்றிலேயே இருக்க, பையை மட்டும் கழற்றி அலசலாம்.

சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்து சொறிந்தால் அது பங்கசு. வியர்வையில் வரும். அதற்கான மருந்தைப் பவுடராகக் கேளுங்கள். கிறீம் பூசினால் தட்டு வழுக்கும்.

தோலைவிட எனக்குக் கவலை தண்ணீர்தான். இலியோஸ்டமியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை வெளியேறலாம். 1500 ஐத் தாண்டினால் உடம்பு உப்பையும் நீரையும் இழக்கிறது. ஒரு அளவுக் குவளையில் ஊற்றி மூன்று நாளுக்கு எழுதிவையுங்கள். அதிகமாகப் போகிறதென்று வெறும் தண்ணீரை அள்ளிக் குடித்தால் இன்னும் அதிகமாகப் போகும். ஒரு பக்கற் ஜீவனியை (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் வாழைப்பழமும் மலத்தைத் தடிப்பாக்கும். இளநீரில் சோடியம் குறைவு, பொற்றாசியம் அதிகம். ஜீவனிக்கு அது ஈடாகாது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு ஆபத்தும்கூட. வவுனியாப் பக்கம் அந்த நோய் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அப்பாவுக்குச் சிறுநீரகமோ இருதயமோ பாதிப்பு என்றால், ஜீவனியின் அளவையும் டொக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

எட்டாம் கிழமை வரை பனங்கிழங்கு, கச்சான், தேங்காய்ப்பூ, சோளம், பலாப்பழம், முருங்கைக்காய்ச் சக்கை வேண்டாம். நார் திரண்டு ஸ்டோமாவின் வாயை அடைக்கும். பிறகு சிறிது சிறிதாக, நன்றாகச் சப்பி. நெல் மூட்டையும் தண்ணீர் வாளியும் தூக்குவது மூன்று மாதத்துக்கு இல்லை. ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கும்.

கிளினிக் திகதி வரை காத்திருக்கக்கூடாதவை: ஸ்டோமா கருஞ்சிவப்பாக, ஊதாவாக, கறுப்பாக மாறுவது, நாலைந்து மணித்தியாலமாக ஒன்றும் வராமல் வயிற்றுக்குத்தும் சத்தியும் இருப்பது, ஒரே நாளில் இரண்டு லீற்றர் போவது, எழும்பினால் தலைசுற்றுவது, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாவது, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம். இவற்றுக்கு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அடைத்திருக்கும்போது பேதி மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

தோல் மூன்று நான்கு நாளில் தேறாவிட்டாலும் இரண்டு கிழமை பொறுக்கத் தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் சத்திரசிகிச்சைக் கிளினிக் இருக்கிறது. உங்களுக்குக் கிட்டியதற்குப் போகலாம். கடைசியாகக் கழற்றிய தட்டைப் பொலித்தீனில் சுற்றி, கோட்டோடு, வெளியேறிய அளவை எழுதிய தாளோடு கொண்டுபோங்கள். பஸ் ஏறுமுன் பையை வெறுமையாக்கி, வெட்டித் தயாரான ஒரு தட்டு, பை, துணி, ஒரு போத்தல் தண்ணீர் கையில் வைத்திருங்கள். மிச்சப் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழேயோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிவிட்டால் அது பிறகு ஒட்டாது.