ஒரு மாத முயல் குட்டிக்குக் கழிச்சல்: பால் கொடுக்கலாமா, என்ன மருந்து கொடுப்பது?

பால் கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிப்பதற்குள் வீட்டில் யாராவது சங்கைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

ஒரு மாதக் குட்டி, இரண்டு நாளாகக் கழிச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். தாய் முயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியானால் தேர்த் திருவிழாவிலோ சந்தையிலோ அட்டைப்பெட்டியில் வைத்து விற்றவரிடம் ஜோடியாக வாங்கியிருப்பீர்கள். ஒன்று ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மிஞ்சியதற்கு முட்டைக்கோஸ், பிஸ்கட், பால் சோறு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் போட்டிருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற குட்டிகள் பெரும்பாலும் இந்தக் கதையோடுதான் வருகின்றன.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே. வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழலில் முயல் கூண்டுகள் வைத்திருக்கிறேன். வளர்ப்பதற்கும் விற்கிறேன், கறிக்கும் விற்கிறேன். கறிக்கு விற்பவள் குட்டிக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டாளா என்று ஒருவர் கீழே எழுதுவார். எழுதட்டும். ஆடு வளர்ப்பவர் ஆட்டுக்கு மருந்து கொடுப்பதே இல்லையா?

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பசு நிற்கும். அதனால் எந்தக் குட்டி சுருண்டு படுத்தாலும் பால்தான் முதல் வைத்தியம். போன மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் தன் மகனின் முயல் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, நேற்றிலிருந்து பாலைத் தவிர வேறு எதையும் தொடவில்லை" என்றாள். துண்டைப் பிரித்தேன். பின்னங்கால் இரண்டும் வால் வரைக்கும் நனைந்து மயிர் திரித்திரியாக ஒட்டியிருந்தது. வயிறு உப்பியிருந்தது. தூக்கினால் உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்டது. காது சில்லென்றிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. முயல் அப்படிக் கடித்தால் அதற்கு வலிக்கிறது என்று பொருள்.

கையில் ஒரு சிரப் பாட்டிலும் வைத்திருந்தாள். இளஞ்சிவப்பு நிறம். மருந்துக் கடையில் குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னதும் கொடுத்தார்களாம். பெயரைப் படித்தேன், அமாக்சிசிலின். பாட்டிலை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். முயலின் பெருங்குடலுக்கு முன்னால் இருக்கிற பெரிய பையில் நல்ல கிருமிகள்தான் புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கவைக்கின்றன. அமாக்சிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்தக் கிருமிகள் செத்து, நஞ்சு உண்டாக்குகிற கிருமிகள் பெருகிவிடும். மனிதக் குழந்தைக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. முயலைக் கொன்றுவிடும்.

வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினேன். உப்பு சர்க்கரைக் கரைசலை மருந்துச் சொட்டுக்குழாயில் எடுத்து, வாயின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். முன்னால் காய்ந்த புல்லைப் போட்டு வைத்தேன். "கழிச்சலுக்குப் பட்டினி போடவேண்டாமா?" என்று என் மாமியார் கேட்டார். நாய்க்குச் சரி. முயல் வாந்தி எடுக்காது. அரை நாள் வயிறு காலியாகக் கிடந்தால் குடல் நின்றுவிடும், பிறகு அதுவே தனி வியாதி.

முயல் பாலில் கொழுப்பு 12 சதவீத அளவுக்கு இருக்கும், பால் சர்க்கரை மிகக் குறைவு. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம்தான், பால் சர்க்கரையோ அதைவிட அதிகம். தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் குடல் கிருமிகளை அடக்கும் பொருளும் உண்டு. குட்டியைத் தாயிடமிருந்து திடீரென்று பிரித்தால் அதற்கு அந்தக் காவலும் போய்விடுகிறது, பெரிய முயலுக்கு இருக்கிற வயிற்று அமிலமும் அதற்கு இன்னும் வந்திருக்காது. நான்கு வாரம் முதல் எட்டு வாரம் வரை குட்டிகள் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். விற்பவருக்கு இது தெரியும். சின்னதாக இருந்தால்தான் விலை போகும் என்பதும் தெரியும்.

மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். புழுக்கையைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்நோக்கியில் பார்த்தார். காக்சிடியா, குடலில் வாழும் ஒட்டுண்ணி. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வருகிறதே, அதே குடும்பம். ஆனால் கோழியுடையது முயலுக்கு ஒட்டாது. சல்ஃபா வகை மருந்து எழுதினார். அளவை இங்கே எழுதமாட்டேன். அரைக் கிலோகூட இல்லாத உயிர், எடை பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். குட்டி பிழைத்தது. புல்லை மென்று, உருண்டையான புழுக்கை போட்டதும் அந்தப் பையன் அதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான்.

பொள்ளாச்சி மருத்துவமனையில் ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னதும் சீட்டு எழுதுகிறவர் என்னிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தமிழில் பதில் சொல்கிறேன், அவர் மலையாளத்திலேயே கேட்கிறார். இங்கே எங்கள் அலுவலகத்திலோ படிவம் முழுக்க மலையாளம், என் பெயரைக்கூடப் பிழையாக எழுதுகிறார்கள். இந்தத் தாலுகா கொச்சி அரசில் இருந்தது, 1956-இல் கேரளம் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாங்கள் இங்கே தமிழ்தான் பேசுகிறோம். போன முறை இந்தத் தளத்தில் நான் எழுதிய பதிலுக்கு ஒருவர், "மலையாளியாக இருந்தும் நன்றாகத் தமிழ் எழுதுகிறீர்களே" என்று பாராட்டியிருந்தார். நன்றி சொல்ல மனம் வரவில்லை. சரி, முயலுக்கு வருகிறேன்.

உங்கள் குட்டிக்கு வந்திருப்பது கழிச்சல்தானா என்று முதலில் பாருங்கள். முயல் இருவகையாகப் போடும். ஒன்று உருண்டையான, காய்ந்த புழுக்கை. இன்னொன்று சின்னக் கறுப்புத் திராட்சைக் கொத்துபோல மினுமினுப்பாக, மெத்தென்று வரும். குனிந்து அதைத் தானே வாயில் வாங்கித் தின்றுவிடும். அருவருப்படைந்து தடுக்காதீர்கள், அதில்தான் சத்து இருக்கிறது. தானியமும் இனிப்பும் அதிகமானால் அதைத் தின்னாமல் விட்டுவிடும், அது காலில் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். கூடவே உருண்டைப் புழுக்கையும் வருகிறதென்றால் தீனியை மாற்றினாலே போதும்: பிஸ்கட், கோஸ், தவிடு எல்லாவற்றையும் நிறுத்திக் காய்ந்த புல். மழையில் நனைந்த புல்லை அப்படியே போடாதீர்கள், ஒரு நாள் வாடவிடுங்கள். கூண்டின் தரை கம்பி வலையாக இருக்கட்டும், புழுக்கையைத் தினமும் அள்ளுங்கள்; காக்சிடியா முட்டை முதிர்ந்து தொற்றுவதற்கு ஈரமும் நேரமும் வேண்டும்.

தண்ணீராகப் போகிறதா, சளிபோல வழவழவென்று வருகிறதா, காது குளிர்ந்திருக்கிறதா? இந்தப் பதிலுக்கு மறுபதில் எழுதிக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். சளியாக வந்தால் பிழைப்பது அரிது, அதையும் சொல்லிவிடுகிறேன். புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். முயல் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள், பல இடங்களில் மாடு, நாயோடு சரி.

எங்கள் வீட்டில் பால் ஊற்றியே வளர்த்தோம் என்று எழுதப்போகிறவர்கள், எத்தனை குட்டிக்கு ஊற்றி எத்தனை பிழைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.