பிரிக்காத வெள்ளி விளக்கும் ஐயாயிரம் ரூபாய் வட்டியும்

கேள்வி: எனக்கு 39 வயது. மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் கணக்காளர். இருவர் சம்பளமும் சேர்ந்து பிடித்தம் போக 74,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 23,000. இரண்டு பிள்ளைகள். எல்லாச் செலவும் போக மாதம் 7,000 மிஞ்சினால் பெரிது. சென்ற தீபாவளிக்கு உறவினர்களுக்கு மட்டும் 56,000 ரூபாய் செலவழித்தோம். அதில் 40,000 கடன் அட்டையில் போனது. அசலில் மாதம் 8,000 வீதம் அடைத்து ஒரு வழியாக முடித்தோம். இவ்வளவு செய்தும் யாருக்கும் எதுவும் பயன்படவில்லை. மாமியாருக்கு வாங்கிய 9,000 ரூபாய் வெள்ளி விளக்கு, சித்திரையில் திருச்சி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி பிரிக்காமல் என் கையிலேயே கிடைத்தது. மாமனாருக்கு 74 வயது, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். கணவரின் அண்ணன் குடும்பம் சென்னையில், இருவரும் கணினித் துறை. நாத்தனார் கோவையில், சொந்தத் தொழில். என்னை வளர்த்த பெரியப்பா விருதுநகரில். தம்பி சிங்கப்பூரிலிருந்து இந்த முறை வருகிறான். இவர்கள் வீட்டில் இல்லாத பொருள் என்று எதுவும் இல்லை. இந்த ஆண்டுக்கு 18,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் தங்கக் காசு கொடுத்துவிடலாமா? பணமாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? அதற்கு வரி உண்டா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது விளக்கு அல்ல, அந்த 40,000. உங்கள் அட்டையின் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். பல அட்டைகளில் அந்த அளவில்தான் இருக்கிறது. முதல் மாத வட்டி 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 252 ரூபாய். ஐந்து மாதத்தில் பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைந்திருக்கும். ஆனாலும் மொத்தத்தில் 5,000 ரூபாய்க்குச் சற்றே குறைவாகக் கட்டியிருப்பீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் உறவினர்களோடு சேர்த்து வங்கிக்கும் சென்ற ஆண்டு தாராளமாகச் சீர் செய்திருக்கிறீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. விளக்கையாவது பரணிலிருந்து எடுத்துவிடலாம்.

இந்த ஆண்டு முதலில் 18,000 என்று தொகையை முடிவு செய்துவிட்டு, பிறகு என்னிடம் கேட்கிறீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன வாங்குவது என்று தொடங்கி, கடைசியில் கூட்டிப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

எல்லாம் இருக்கிறவர்களுக்கு வாங்கும்போது நாம் செய்யும் தவறு, அவர்களிடம் என்ன இல்லை என்று தேடுவது. தேடினால் கிடைக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பொருள் இல்லையென்றால், பெரும்பாலும் அது அவர்களுக்கு வேண்டாம் என்பதால்தான் இல்லை. உங்கள் மாமியார் தினமும் ஏற்றும் விளக்கு ஒன்று இருக்குமே, அவர் திருமணத்தின்போது வந்ததாகக்கூட இருக்கலாம். அதை நகர்த்திவிட்டு இன்னொன்றை அங்கே வைப்பாரா?

இதை ஒருவர் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிக் கேட்டு 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொடுத்தவர் போட்ட விலையைவிட, பரிசைப் பெற்றவர் மனத்தில் அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்பு பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. பாசத்தின் மதிப்பை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு. எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. பேரப்பிள்ளைகளின் ரசனை தங்களுக்குத் தெரியாது என்று உணர்ந்தோ என்னவோ, தாத்தா பாட்டிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பணமாகவே கொடுத்தார்கள்.

நம் ஊரில் இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. நான் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குக் கொடுத்த கண்ணாடிக் கோப்பைப் பெட்டி, நான்கு ஆண்டுகள் கழித்து என் மகள் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. உள்ளே என் கையெழுத்தில் வாழ்த்துச் சீட்டு. கொண்டுவந்தவர் வேறு ஒருவர். நடுவில் எத்தனை வீடு சுற்றியதோ!

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பணம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே வைத்துப் பழகிய சமூகம் நாம். ஆனால் பணம் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரியவர் சிறியவர் கையில் வைத்தால் அது ஆசி. சிறியவர் பெரியவரிடம் உறையை நீட்டினால், கொடுக்கும் விதத்தைப் பொறுத்து உதவித்தொகை மாதிரி ஆகிவிடும். சமநிலையில் இருக்கும் இருவர் பணம் மாற்றிக்கொண்டால் அது வெறும் கணக்கு. நீங்கள் 2,000 கொடுக்க, அவர்கள் 2,000 கொடுக்க, மிச்சம் உறைக்கான செலவு.

இதை வைத்து உங்கள் உறவினர்களைப் பார்ப்போம்.

மாமனார், மாமியாருக்கு 5,000 ரூபாய் ஒதுக்குங்கள். அதில் எதையும் பொருளாக வாங்காதீர்கள். மாமனார் ரயில்வே ஓய்வூதியர். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில், உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கான வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும்; 80 வயது நிரம்பியவர்கள் மட்டும் அக்டோபரிலேயே தொடங்கலாம். 74 வயதில் அவர் வங்கியில் போய் வரிசையில் நிற்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நிற்கிறார் என்றால், உங்கள் கணவரின் கைப்பேசியில் இதற்கான ஜீவன் பிரமாண் செயலியையும், முகத்தை வைத்து ஆதாரைச் சரிபார்க்கும் செயலியையும் ஏற்றி, நவம்பரில் நீங்கள் அங்கே போகும்போது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சான்றிதழை அனுப்பிவிடலாம். கைப்பேசி ஒத்துழைக்கவில்லையென்றால் சிறு கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்துகொடுக்கும் ஏற்பாடும் உண்டு. சான்றிதழ் பதிவாகிவிட்டதா, ஏற்கப்பட்டதா என்று பார்ப்பது வரை உங்கள் பொறுப்பு. அனுப்பியதோடு விட்டுவிட்டு, டிசம்பரில் ஓய்வூதியம் நின்றுபோனால் தீபாவளி நினைவு வேறு மாதிரி இருக்கும்.

அதே நாளில் அவருடைய வங்கிக் கணக்குகளையும் வைப்புத்தொகைகளையும் எடுத்து வைத்து, நியமனதாரர் (நாமினி), அதாவது அவருக்குப் பின் அந்தப் பணத்தைப் பெற வேண்டியவர், யார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல முதியவர்களின் பழைய வைப்புத்தொகையில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அல்லது என்றோ காலமாகிவிட்ட தாயாரின் பெயர் இருக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். ஒரு எச்சரிக்கை. இதை மருமகளாகிய நீங்கள் தொடங்காதீர்கள். மகன் கேட்டால் அக்கறை. மருமகள் கேட்டால் அதற்கு வேறு பெயர் வைக்க நாலு பேர் இருப்பார்கள்.

மாமியாருக்கு அந்த 5,000. ஒரு நாள் வாடகைக் கார் பிடித்து, அவர் எங்கே போக வேண்டும் என்கிறாரோ அங்கே கூட்டிப் போங்கள். குலதெய்வம் கோயிலாக இருக்கலாம், பிறந்த ஊராக இருக்கலாம், பல ஆண்டுகளாகப் பார்க்காத தங்கை வீடாக இருக்கலாம். வெள்ளி விளக்கின் விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும். பண்டிகை வாரத்தில் கார் வாடகை ஏறிக் கிடக்கும். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று இப்போதே தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள். "எப்போதாவது போகலாம் அத்தை" என்பது பரிசு ஆகாது.

நாத்தனார் விஷயத்தில் சிக்கனம் பேச மாட்டேன். அவருக்கு வசதி இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே அல்ல. அது பிறந்த வீட்டுச் சீர். பத்து மில் சொந்தமாக இருந்தாலும் உடன்பிறந்தவர் கொடுத்த புடவை என்று ஒன்று வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு கோவையில் கிடைக்கும் பட்டுப் புடவையை ஏன் தேட வேண்டும்? நல்ல சுங்குடிப் புடவை ஒன்று எடுங்கள். கைத்தறிதான் வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். புடவைக்கு 1,500, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் 2,500 ரூபாய். இங்கே பணம் சரியான திசையில் போகிறது. ஒரே நிபந்தனை, புடவையை எடுத்துக்கொண்டு உங்கள் கணவரே கோவைக்குப் போக வேண்டும், கூரியரில் அனுப்பக் கூடாது.

பெரியப்பாவுக்கு 3,000. வேட்டி சட்டை வேண்டாம். அவர் பீரோவில் மடிப்புக் கலையாத வேட்டிகள் ஒரு டஜன் இருக்கும் என்பது என் ஊகம். வளர்த்தவர் என்கிறீர்கள். அவர் மாதாமாதம் கட்டும் ஏதாவது ஒன்றை, தொலைக்காட்சி இணைப்போ நாளிதழோ, ஓர் ஆண்டுக்கு நீங்கள் கட்டிவிடுங்கள். காலையில் நாளிதழ் வாசலில் விழும்போதெல்லாம் உங்கள் நினைவு வரும்.

இங்கேதான் உங்கள் வரிக் கேள்வி வருகிறது. ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 3,000, 5,000 என்ற தொகைகளுக்கு யாரும் வரியை நினைக்கவே வேண்டாம். ஆனால் பெரிய தொகை என்றால், வருமான வரிச் சட்டம் உறவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது. பெரியப்பா உங்களுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் உங்களுக்கு வரி இல்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர் என்ற முறையில் அவர் உங்களுக்கு உறவினர். நீங்கள் அவருக்குக் கொடுத்தால், சட்டத்தின் பட்டியலில் உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை! அப்படிப் பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அவருக்கு வந்தது எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் அவர் வரி கணக்கிட வேண்டும். வளர்த்த கடனைச் சட்டம் அறியாது. தம்பி உங்களுக்குக் கொடுப்பதற்கும், நீங்கள் தம்பிக்குக் கொடுப்பதற்கும் இந்தக் கவலை இல்லை.

தம்பிக்கு 1,000 ரூபாய் போதும். அவன் கொண்டுவரும் சாக்லேட்டுக்கு ஈடாகக் கடையில் எதையும் தேடாதீர்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், நீங்கள் கிளறிய தீபாவளி லேகியமும் ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுங்கள். பட்டியலில் மொத்தமாகவே என் ஆசை இதுதான்: தின்று தீர்ந்துபோகும் பொருள் பரணுக்குப் போகாது. உறவில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்து பேர் என்று வைத்து ஆளுக்கு 500, அது 2,500.

தங்கக் காசு வேண்டாம். 18,000 ரூபாயை ஐந்து வீட்டுக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. காசு சிறிதாகச் சிறிதாகக் கிராமுக்கு ஏறும் கூலி அதிகமாகும். அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கப் போனால் இவை இரண்டுமே திரும்பி வராது. 2 கிராமுக்குக் குறைந்த தங்கப் பொருட்களுக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை. தங்கம் வாங்குவதாக இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு, சேர்த்து வைத்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டைச் சரிபார்த்து வாங்குங்கள். அது தீபாவளிச் செலவு அல்ல.

இதுவரை 15,500. சென்னை மிச்சம். அந்தக் குடும்பத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், சென்ற ஆண்டு 56,000 ரூபாயில் கணிசமான பங்கு அங்கேதான் போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். வசதியில் உங்களைவிட மேலே இருக்கும் வீட்டுக்குத்தான் நாம் கைமீறிச் செய்கிறோம். நீங்கள் கொடுக்கும் 8,000 ரூபாய்ப் பொருள் அவர்கள் மாதச் செலவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உணவு. அவர்களும் பதிலுக்கு உங்களுக்கு ஏதோ பெரிதாக வாங்கித் தந்து, அதை எங்கே வைப்பது என்று நீங்கள் விழித்திருப்பீர்கள். இரண்டு வீட்டாருக்கும் இது சுமை, யார் முதலில் சொல்வது என்பதுதான் தயக்கம். பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு 500 ரூபாய் (முன்பு சொன்ன 2,500இல் இது அடக்கம்), மற்றபடி 1,500 ரூபாய்க்குள் ஒரு பலகாரப் பெட்டி என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மிஞ்சும் 1,000 ரூபாய் கோவைப் பஸ்ஸுக்கு.

இதை உங்கள் கணவர்தான் தன் அண்ணனிடம் தொலைபேசியில் பேச வேண்டும். நீங்கள் ஓரகத்தியிடம் சொன்னால் இவர்களுக்குப் பணக் கஷ்டம் போலிருக்கிறது என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். தம்பி அண்ணனிடம், "ரெண்டு பேரும் எதுக்கு வீணாகச் செலவு பண்ணுகிறோம்?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயுத பூஜை விடுமுறையில் பலர் தீபாவளிக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் வீட்டில் பொருள் வாங்கி வைத்துவிட்டால் பிறகு பேச முடியாது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி குடித்து முடிப்பதற்குள் பேசச் சொல்லுங்கள்.