மலிவான முஸ்டாங்கும் ஒரு தாள் உப்புத்தாளும்

கேள்வி: 1/72 அளவில் ஒரு மலிவான முஸ்டாங் விமான மாடல் கிட் வாங்கினேன். கொரியப் போரில் பறந்த தென்னாப்பிரிக்க விமானமாக அதைச் செய்ய ஆசை. ஆனால் இறக்கை விளிம்பு தடியாக இருக்கிறது, காக்பிட் மூடி மங்கல், உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் தகட்டுக் கோடுகள் எல்லாம் மேடு. வெளிநாட்டிலிருந்து ரெசினில் (பிசினில்) வார்த்த மாற்று உதிரிகள் வரவழைக்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வேண்டாம். தபால் செலவையும் சேர்த்தால் உதிரியின் விலை கிட்டின் விலையைத் தாண்டிவிடும். அதை ஒட்டிய பிறகும் இறக்கை தடியாகவேதான் இருக்கும்.

மலிவுக் கிட்டைக் காட்டிக்கொடுப்பது தடிமன்தான். இறக்கையின் பின்விளிம்பில் 1 மி.மீ. பிளாஸ்டிக் இருந்தால், நிஜ விமானத்தில் அது 7.2 செ.மீ.; கிட்டத்தட்ட நான்கு விரல் அகலம்! ஒட்டுவதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். 400 எண் உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்து, நீர் தெளித்து, இறக்கைப் பாதிகளின் உட்பக்கத்தைத் தேயுங்கள். வெளிப்பக்கத்தைத் தொட வேண்டாம். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தால் விளிம்பு தபால் அட்டை அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் போகும். காவடிக்குப் பூக்கட்டும் பொறுமை உள்ளவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

தகட்டுக் கோடுகளில் முஸ்டாங் உங்களுக்குச் சலுகை தருகிறது. காற்று வழுக்கிச் செல்ல, தொழிற்சாலையிலேயே அதன் இறக்கையின் முன்பகுதி இணைப்புகளைப் புட்டி என்னும் நிரப்புப் பசையால் நிரப்பித் தேய்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். ஆகவே அங்குள்ள மேட்டுக்கோடுகளைக் கூச்சமின்றித் தேய்த்து அழிக்கலாம். துப்பாக்கி அறை மூடிகள், எரிபொருள் மூடி, ஃபிளாப், ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்கள்) ஆகியவற்றின் கோடுகளை மட்டும் ஊசிமுனையால் கீறி மீட்டெடுங்கள். எல்லாக் கோட்டையும் ஆழமாகத் தோண்டி உழுத வயலாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு: இறக்கைக்குச் சற்று மந்தமான வெள்ளி, உடலுக்குப் பளபளப்பான உலோக நிறம். உடலின் உலோக நிறத்துக்கு அடிப்பூச்சாகப் பளபளப்புக் கறுப்பு அடித்தால் உலோகப் பூச்சு உயிர்பெறும்.

காக்பிட் மூடியை 2000 எண் உப்புத்தாளால் நீரில் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி, நிறமற்ற அக்ரிலிக் தரை மெருகில் முக்கி, தூசு படாமல் டம்ளரைக் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். ஒட்டுவதற்கு மரம் ஒட்டும் வெள்ளைப் பசையே போதும். சூப்பர் பசையின் ஆவி கண்ணாடியை வெளுக்கவைக்கும். என் முதல் மாடலின் மூடி அப்படித்தான் போயிற்று.

புகைபோக்கி முனைகளைக் குண்டூசியால் குழித்து உள்ளே கறுப்புத் தொடுங்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் லாக்கர் தெளித்தால் வெண்படலம் படியும். காய்ந்த காலைக்குக் காத்திருங்கள். டீக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஓரங்களில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்.

சக்கர அறையின் உட்கதவுகளை மூடி ஒட்டிவிடாதீர்கள். நிறுத்திய முஸ்டாங்கில் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கியதும் அவை தொங்கிவிடும். ஃபிளாப்பும் மெல்ல இறங்கும். கதவு ஓரங்களையும் அதே 400 தாளில் மெலித்துக்கொள்ளுங்கள்.